சாம்பல் மூடி போட்ட குழாய்

கத்திரி வெயில் சமயம். பக்கத்து ஊரில் நடந்த ஒரு முகாமிலிருந்து எங்கள் லேபுக்கு ரத்த மாதிரிகள் வந்தன. காலை ஆறரைக்கு எடுத்தவை. கொண்டுவரும் பையன் வண்டியில் இன்னும் நாலு இடம் சுற்றிவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பெட்டியில் இருந்த ஐஸ் எப்போதோ தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் சூடாகியிருந்தது. அதில் ஒரு அம்மாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 58 என்று மெஷின் காட்டியது. திரும்பப் போட்டேன், 57. மெஷினைச் சோதிக்கப் போடுகிற, அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகள் எல்லாம் சரியாகத்தான் ஓடியிருந்தன. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அடுத்த ரேக்கை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் போன் செய்தார். "ஏம்மா, அந்தம்மா ஜம்முனு நடந்து வர்றாங்க, மயக்கம் இல்ல, வேர்வை இல்ல, உங்க ரிப்போர்ட்டப் பாத்து மாத்திரையக் குறைச்சிருப்பேன், நல்லவேளை சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன், 96 இருக்கு." அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. ஃபிரிட்ஜில் பழைய மாதிரிகளுக்கு நடுவே தேடி அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மூடி. முகாமில் சாம்பல் மூடிக் குழாய் தீர்ந்துபோய், இருந்ததில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரைக்கு சிவப்பு மூடியில் வந்த ரத்தம், அதுவும் ஆறு மணி நேரம் செல்களைத் தனியே பிரிக்காமல் கிடந்த ரத்தம் என்று வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் தப்புதான்.

சாம்பல் மூடிக்குள் சோடியம் ஃப்ளோரைடு கொஞ்சம் போட்டிருப்பார்கள். அது ரத்த செல்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்தும். சிவப்பில் அது இல்லை. ஊசி வழியாகக் குழாய்க்குள் வந்துவிட்டோம், இனி வேலை இல்லை என்று செல்லுக்கு யார் சொல்வார்கள்? அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரை குறையும், வெயிலில் இன்னும் வேகம். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறிய ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் குழாயில் இது படுமோசம், ஆளுக்கு ஒன்றுமே இருக்காது, குழாயில் மட்டும் லோ சுகர். ஆக அந்தம்மாவின் சர்க்கரை குறையவே இல்லை. மீதிச் சர்க்கரையைக் குழாயும் வண்டியும் வெயிலும் தின்றிருக்கின்றன.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது சிவப்பணு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் இருக்கும், உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பது இதன் வேலை, ஆனால் தான் சுமப்பதில் ஒரு துளியையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாது. எடுக்க முடியாது என்பதுதான் உண்மை. ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா, முதிர்ந்த சிவப்பணுவுக்குள் அதுவே கிடையாது. குளுக்கோஸை இரண்டாக உடைத்து அதில் கிடைக்கிற இரண்டே இரண்டு ஏடிபியை, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கிற ஆற்றல் சில்லறையை, வைத்துக்கொண்டு, 120 நாள் பிழைப்பை ஓட்டிவிடுகிறது. பந்தியில் பரிமாறுகிறவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிடுகிற மாதிரி.

அந்த இரண்டு ஏடிபிக்கும் என்ன செலவு என்று கேட்டால் அதையும் எங்கள் ஃபிரிட்ஜே காட்டும். பொட்டாசியம் பார்க்க வேண்டிய ரத்தத்தைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பது லேபில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்பாடு தானாக நிற்பதில்லை, செல்லின் தோலில் ஒரு பம்ப் உட்கார்ந்துகொண்டு ஓர் ஏடிபிக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. குளிரில் பம்ப் படுத்துவிடும். பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே வரும். காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் நோயாளி ஐசியூவில் இருக்க வேண்டிய எண் வரும், ஆளோ வெளியே உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகிற ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பம்புக்கே போகிறது.

சரி, இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். பதினொன்றாம் வகுப்பு. லீவுக்கு வந்தவள் ஒரு ராத்திரி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தி, புக்ல ஒரு குளுக்கோஸுக்கு 36 ஏடிபின்னு இருக்கு. சார் 38ங்கறாரு. கோச்சிங்ல 32. யூடியூப்ல ஒருத்தர் 30. எதத்தான் எழுதறது?"

"உங்க சார் என்ன எதிர்பாக்கறாரோ அதை எழுது கண்ணு."

"அது தெரியும். எது நெசம்?"

நானும் படிக்கும்போது 38 என்றுதான் மனப்பாடம் செய்தேன். கணக்கு சுலபம். ஒரு குளுக்கோஸை முழுசாக முடித்தால் எலக்ட்ரானைச் சுமக்கிற பொருள்களில் பத்து என்ஏடிஹெச், இரண்டு எஃப்ஏடிஹெச்2, நேரடியாக நாலு ஏடிபி. என்ஏடிஹெச் ஒன்றுக்கு மூன்று வீதம் முப்பது, மற்றதற்கு இரண்டு வீதம் நாலு, கையில் நாலு, மொத்தம் 38. மளிகைக் கடை பில் மாதிரி அழகாகக் கூடிவரும். இப்போது மூன்றுக்குப் பதில் இரண்டரை, இரண்டுக்குப் பதில் ஒன்றரை என்கிறார்கள். இருபத்தைந்து, மூன்று, நாலு. 32.

"அரை ஏடிபி எப்படி சித்தி? மாலிக்யூலை ரெண்டா வெட்டுவாங்களா?"

நல்ல கேள்வி. இதை எங்கள் காலேஜில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பில் மாதிரிச் சொல்லித்தந்ததால் பில் மாதிரியே நினைத்துக்கொண்டோம். சுவாசம் என்றால் சர்க்கரையை மெதுவாக எரிப்பது என்று ஒரு வரி பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குள் உட்கார்ந்துவிட்டது. 1780-களில் லவாய்சியே, லாப்லாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கினிப் பன்றியை ஐஸுக்கு நடுவே வைத்து, அது விடுகிற மூச்சையும் அது உருக்குகிற ஐஸையும் அளந்து, மெழுகுவர்த்தி எரிவதும் இந்தப் பிராணி மூச்சு விடுவதும் ஒரே விஷயம் என்றார்கள். வரவு செலவு மொத்தத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. உள்ளே நடக்கிற வேலையைப் பார்த்தால் அங்கே அடுப்பு எதுவும் எரிவதில்லை, இருப்பது அணைக்கட்டு.

எங்கள் ஊரிலிருந்து மேட்டூர் பக்கம். அதனால் அவளுக்குச் சொல்லச் சிரமமில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சுவர். உள்சுவர் மடிப்பு மடிப்பாக, கொசுவம் வைத்த சேலை மாதிரி இருக்கும். நாம் தின்ற இட்லியிலிருந்து உருவின எலக்ட்ரான்களை என்ஏடிஹெச் கொண்டுவந்து இந்த உள்சுவரில் இருக்கும் முதல் புரதக் கூட்டத்திடம் இறக்குகிறது. அங்கிருந்து எலக்ட்ரான்கள் படி படியாகக் கீழே இறங்குகின்றன, மூன்று இடத்தில் அந்த இறக்கத்தின் விசையைப் பிடித்துப் புரோட்டான்களை உள்ளேயிருந்து சுவருக்கு வெளியே தள்ளுகிறார்கள். முதலிடத்தில் நாலு, அடுத்ததில் நாலு, கடைசியில் இரண்டு. ஒரு என்ஏடிஹெச்சுக்குப் பத்து. எஃப்ஏடிஹெச்2 முதல் கேட்டில் நுழைய முடியாது, நேரே அடுத்த கட்டத்துக்குப் போகும், அதனால் ஆறுதான்.

இப்படித் தள்ளித் தள்ளி வெளியே புரோட்டான் நிரம்பிவிடும். இதுதான் தேக்கம். உள்ளே திரும்பி வரத் துடிக்கும், ஆனால் சுவர் விடாது. அந்தச் சுவரின் கனம் ஐந்தாறு நானோமீட்டர், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 150 மில்லிவோல்ட். இதென்ன பிரமாதம், ரிமோட்டில் போடுகிற பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு என்று தோன்றும். அந்தக் கனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள், சுமார் 3 கோடி வோல்ட் வரும். மின்னல் வெட்டுவதற்கே காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் சுண்டுவிரலுக்குள்ளும் இது இருக்கிறது.

திரும்பி வர ஒரே வழி, சுவரில் பதித்திருக்கும் டர்பைன். ஏடிபி சிந்தேஸ் என்று பெயர். டர்பைன் என்று உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுற்றுகிறது. பசுமாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் எடுத்துப் பார்த்ததில் அந்தச் சக்கரத்தில் எட்டுப் பற்கள் இருந்தன, நமக்கும் அப்படித்தான். ஒரு புரோட்டானுக்கு ஒரு பல் நகரும். எட்டுப் புரோட்டான் நுழைந்தால் ஒரு முழுச் சுற்று, ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். 1997-ல் ஜப்பானில் இதன் தலைப்பகுதியைக் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, நடுத்தண்டில் ஒளிரும் நார் ஒன்றைக் கட்டிவிட்டு, ஏடிபியை ஊற்றிப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் அந்த நார் காற்றாடி மாதிரிச் சுற்றியது. ஏடிபி கொடுத்தால் டர்பைன் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், கடம்பாறை மின்நிலையத்தில் கரண்ட் கொடுத்துத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்களே, அதே கதை.

இப்போது அரை ஏடிபி புரிந்துவிடும். மூன்று ஏடிபிக்கு எட்டுப் புரோட்டான் என்றால் ஒன்றுக்கு இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. செய்த ஏடிபியை வெளியே அனுப்பி, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரும் போக்குவரத்துக்கு இன்னொரு புரோட்டான். ஆக நாலுக்குக் கொஞ்சம் குறைவு, சௌகரியத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்கிறார்கள். பத்தை நாலால் வகுத்தால் இரண்டரை, ஆறை வகுத்தால் ஒன்றரை. இதில் எதையும் யாரும் வெட்டவில்லை. போதாததற்கு, குளுக்கோஸை முதலில் உடைக்கும்போது கிடைக்கிற என்ஏடிஹெச் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே கிடக்கிறது, அது உள்ளே நுழையவே முடியாது, வாசலில் ஓர் ஆளிடம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட வேண்டும். எந்த ஆள் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து மொத்தம் 32 ஆகும், அல்லது 30. இது செல்லுக்குச் செல் மாறும். இன்னும் ஒன்று, சுவரில் கசிவும் உண்டு.

"மேட்டூர்ல ஒரு சொட்டுத் தண்ணிக்கு எத்தனை யூனிட் கரண்ட்டுன்னு கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அணையில எத்தனை அடி தண்ணி இருக்குன்னு கேப்பேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். எனக்கு இது பிடிபடக் காலேஜ் முடிந்து நாலைந்து வருஷம் ஆனது.

என்னை மட்டும் குறை சொல்ல முடியாது, உலகத்துக்கே பதினைந்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. எலக்ட்ரான் இறங்குவது ஒரு பக்கம் தெரியும், ஏடிபி வருவது இன்னொரு பக்கம் தெரியும், நடுவில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் கைமாற்றி விடுகிறது என்று எல்லோரும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள், வருஷக்கணக்கில் தேடியும் ஆப்படவில்லை. 1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே இல்லை, நடுவில் இருப்பது சுவரும் அதன் இரு பக்கத்து வித்தியாசமும்தான் என்று எழுதினார். உயிர்வேதியியல்காரர்களுக்கு அது வேதியியலாகவே படவில்லை. எலக்ட்ரான், பொருள், வினை என்று பழகினவர்களிடம் போய் உள்ளே வெளியே என்று பேசினால்? எரிச்சல்பட்டார்கள், எதிர்த்தார்கள், கூட்டங்களில் சண்டையே நடந்தது.

வயிற்றுப் புண் முற்றி மிட்செல் எடின்பரோ வேலையை விட்டார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், பாட்மின் பக்கம் கிளின் ஹவுஸ் என்று ஒரு பாழடைந்த பங்களா. அதை வாங்கிக் கூரையும் சுவரும் எழுப்பிச் செப்பனிட்டு, பாதியில் குடியிருந்துகொண்டு பாதியை ஆய்வுக்கூடமாக்கினார். ஜெனிஃபர் மாய்ல் என்ற சகா கூடவே வந்தார். சோதனைகளில் பெரும்பங்கு அந்த அம்மாவின் கை, அவர் பேரைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை. பத்துப் பேர் கூட இல்லாத இடத்திலிருந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் கொடுத்தால் சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு புளிக்கிறது என்று அளந்து அளந்து எழுதினார்கள். புரோட்டான் வெளியே வந்தால் புளிக்கத்தானே வேண்டும்.

1974-ல் அமெரிக்காவில் ராக்கரும் ஸ்டோக்கினியஸும் ஒரு குசும்பு பண்ணினார்கள். வெறும் கொழுப்பினால் ஒரு சிறு குமிழி செய்து, அதில் உப்பளத்துக் கிருமியிலிருந்து எடுத்த, வெளிச்சம் பட்டால் புரோட்டானைத் தள்ளுகிற ஒரு புரதத்தையும், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த டர்பைனையும் பதித்தார்கள். இரண்டுக்கும் ஜென்மத்தில் சம்பந்தம் இல்லை. விளக்கைப் போட்டதும் ஏடிபி வந்தது. நடுவில் ரகசியப் பொருள் ஏதும் இருக்க வாய்ப்பே இல்லை, தேக்கம் ஒன்றே போதும். 1978-ல் வேதியியல் நோபல் மிட்செலுக்கு மட்டும், பங்கு போடாமல். டர்பைன் எப்படிச் சுற்றி ஏடிபி செய்கிறது என்று சொன்ன பாய்யருக்கும் வாக்கருக்கும் 1997-ல் பாதி நோபல், அதே வருஷம் மீதிப் பாதி யாருக்குத் தெரியுமா, நான் மேலே சொன்ன சோடியம் பொட்டாசியம் பம்பைக் கண்டுபிடித்த ஸ்கோவுக்கு. சம்பாதிக்கிறவருக்குப் பாதி, செலவழிக்கிறவருக்குப் பாதி.

இந்த அணையில் ஆக்சிஜனுக்கு என்ன வேலை? இறங்கி வந்த எலக்ட்ரான் கடைசியில் எங்காவது போய்ச் சேர வேண்டும். அந்த வடிகால்தான் ஆக்சிஜன். நாலு எலக்ட்ரானையும் நாலு புரோட்டானையும் வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் பயாலஜி படித்தவர்களிடமே நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பத்தில் எட்டுப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள். நாம் இழுக்கிற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருவதில்லை. தண்ணீராகிறது. வெளியே விடுகிற கார்பன் டை ஆக்சைடில் இருக்கிற ஆக்சிஜன் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் இருந்தது, அது வேறு இடத்தில், உடைந்த குளுக்கோஸ் துண்டுகளிலிருந்து எலக்ட்ரானை உருவுகிற கிரெப்ஸ் சுழற்சியிலும் அதற்குச் சற்று முன்னாலும் கழன்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு இப்படி உடம்புக்குள்ளேயே ஊறுகிற தண்ணீர் ஒரு பெரிய டம்ளர் அளவு, 300 மில்லி பக்கம். அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒன்று, காய்ந்த விதையைத் தின்றே, தண்ணீர் குடிக்காமல் வாழ்நாளை ஓட்டுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

வடிகாலை அடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு, மழை ஏமாற்றியதால் முழங்கால் உயரத்தில் வாடிக் கிடந்த சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. பத்து நிமிஷம் மேய்ந்திருக்குமோ என்னவோ. ஓட்டிக்கொண்டு வந்து கட்டினபோதே வாயில் நுரை, மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது, கால்கள் நடுங்கி அப்படியே சாய்ந்தது. மாட்டு டாக்டர் பக்கத்து ஊரிலிருந்து மொபெட்டில் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்பாருவிடம், "சோளந்தானுங்க, பாருங்க எவ்வளவு செக்கச்செவேல்னு இருக்கு" என்றார். மூச்சுத் திணறிச் செத்த மாட்டின் ரத்தம் கறுத்துத்தானே இருக்க வேண்டும், ஏன் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, செவலை போச்சே என்று அழுதுகொண்டிருந்தேன்.

இளம் சோளப் பயிரில், வாடிய பயிரில் இன்னும் அதிகமாக, சயனைடைக் கட்டி வைத்திருக்கும் ஒரு பொருள் இருக்கிறது. மாடு மென்றதும் அது அவிழ்ந்து ரத்தத்தில் கலக்கிறது. சயனைடு போய் உட்காரும் இடம், ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிற அந்தக் கடைசிப் புரதம். வடிகால் அடைபட்டால் பின்னால் எல்லாம் தேங்கும், பம்புகள் நிற்கும், அணை வற்றும், டர்பைன் நிற்கும். நுரையீரல் வேலை செய்கிறது, இதயம் அடிக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. திரும்பி வரும் ரத்தம் சிவப்பாகவே திரும்பி வருகிறது. அந்தப் பளிச் சிவப்புக்கு அர்த்தம் அதுதான். நேரத்துக்கு வந்திருந்தால் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றியிருக்கலாம். ஏடிபிக்குக் கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது என்பதால்தான் இவ்வளவு அவசரம். ஒரு நேரத்தில் நம் உடம்பில் இருப்பது நூறு கிராமைச் சுற்றித்தான். ஆனால் ஒரு நாளில் நாம் செய்து செய்து செலவழிக்கிற ஏடிபியைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடைக்கே வரும். அதே நூறு கிராம் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான தடவை செலவாகித் திரும்ப ஏடிபியாகிக்கொண்டிருக்கிறது.

அடைப்பதற்குப் பதில் அணையில் ஓட்டை போட்டால்? அதையும் மனுஷன் செய்து பார்த்துவிட்டான். முதல் உலகப்போரில் பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் பொடியைக் கையாண்ட தொழிலாளர்கள் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் ஏறி, இளைத்து, சிலர் செத்தும் போனார்கள். 1930-களில் அமெரிக்காவில் இதையே இளைக்க மாத்திரை என்று விற்றார்கள். இளைத்தது உண்மைதான். அந்தப் பொருள் புரோட்டானைச் சுவர் வழியாகக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், டர்பைன் பக்கமே போக வேண்டாம். தேக்கின ஆற்றல் அத்தனையும் வெறும் சூடாகப் போகும், உடம்பு கொழுப்பைப் போட்டுப் போட்டு எரித்தும் அணை நிரம்பாது. கண்ணில் புரை வந்தது, உடம்புச் சூடு எகிறிச் சிலர் செத்தார்கள், 1938-ல் அங்கே அதை மனிதருக்கு ஆகாது என்று தடுத்தார்கள். இன்றைக்கும் இணையத்தில் ஜிம் பையன்களுக்கு இதை விற்கிற அயோக்கியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இயற்கை இதே ஓட்டையை அளவாக வைத்திருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்குத் தோள்பட்டைக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு இருக்கும், அதன் மைட்டோகாண்ட்ரியாவில் வேண்டும்போது திறக்கிற ஒரு மதகு உண்டு, நடுங்கத் தெரியாத குழந்தை குளிரில் கதகதப்பாக இருப்பது அதனால்.

ஏடிபி ஏடிபி என்கிறேனே, அதை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர் என்பதை அக்கா மகளுக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். கதர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். 1920-களில் ஹார்வர்டு போய், ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறை ஒன்றை 1925-ல் உருவாக்கினார்.

அந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறையை நான் காலேஜ் பிராக்டிகலில் கையால் செய்திருக்கிறேன். மாலிப்டேட் ஊற்றி, ஒரு ஒடுக்கியை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் குழாயில் நீலம் இறங்கும். சொட்டு நீலம் போட்ட வாளித் தண்ணீர் மாதிரி. எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். தசையை அரைத்து எடுத்த சாற்றில் அவர்கள் இதைச் செய்தபோது நீலம் சட்டென்று வராமல், நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. நாமாக இருந்தால் ரீயேஜென்ட் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு வேறு எடுத்திருப்போம். அவர்கள், ஏதோ ஒன்று அமிலத்தில் மெல்ல மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று யோசித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. அதைத் துரத்திக்கொண்டே போனதில் 1929-ல் ஏடிபி. அதே வருஷம் ஜெர்மனியில் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார். தசை இயங்குவது லாக்டிக் அமிலத்தால் என்ற கொள்கைக்குச் சில வருஷம் முன்னால்தான் நோபல் கொடுத்திருந்தார்கள், அது ஆட்டம் கண்டது இந்த நீலத்தால். சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை, மருந்துக் கம்பெனிக்குப் போனார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோமே ஃபோலிக் அமிலம், அதைச் செயற்கையாகச் செய்தது அவர் குழுதான். 1948-ல் 53 வயதில் போய்விட்டார். 1995-ல் ஒரு தபால் தலை போட்டார்கள், அதோடு சரி.

லீவு முடிகிற வாரம் அவளை லேபுக்குக் கூட்டிப்போனேன். என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, ஒன்று சிவப்பு மூடி, ஒன்று சாம்பல் மூடி, இரண்டையும் மேஜையிலேயே வைத்துவிட்டோம். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சுற்றி, சர்க்கரை பார்த்தாள். சிவப்பு 91-ல் தொடங்கி 85, 80, 74 என்று இறங்கியது. சாம்பல் 91, அப்புறம் 87, அப்புறம் 86, 86.

"சித்தி, ஃப்ளோரைடு போட்டும் ஏன் முதல்ல அஞ்சு கொறைஞ்சுது?"

ஃப்ளோரைடு அடைப்பது குளுக்கோஸ் உடைகிற பத்துப் படிகளில் ஒன்பதாவதை. முதல் படி திறந்தேதான் இருக்கிறது. உள்ளே நுழைகிற ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் வாசலிலேயே ஓர் ஏடிபி முன்பணம் கட்ட வேண்டும், கடைசிப் படிகள் அடைபட்டதால் வரவு போதாது, கையில் இருக்கிறதைக் கட்டிக் கட்டி உள்ளே விட்டுக்கொண்டே இருந்து, ஒரு மணி நேரம் போல ஆனதும் கட்ட ஏடிபி இல்லாமல்தான் நிற்கிறது. சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். இன்னொரு மணி நேரம் பார்க்கலாமா என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, குழாய்களைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.